வாயில் உள்ள ஆங்கிலம், தாளில் உள்ள ஆங்கிலம்

"லைட்டைப் போடு."
"கேஸ் தீர்ந்துவிட்டது."
"பஸ் போய்விட்டது."
"டிக்கெட் எடுத்தாச்சா?"
"செல்லில் சார்ஜ் இல்லை."

தமிழ்க் குடும்பங்களில் தினமும் கேட்கும் பேச்சு இது. மும்பையின் தாராவியிலும் கேட்கும். பெங்களூரிலும் கேட்கும். டெல்லியிலும் கேட்கும். இதில் லைட், கேஸ், பஸ், டிக்கெட், செல், சார்ஜ் எல்லாம் ஆங்கிலச் சொற்கள்.

"எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கும் நூறு சொற்களாவது தெரிந்திருக்கும். சொல்லும்போதே "சொல்கூட" தெரியாது என்பார்கள். கையில் "பேக்" இருக்கும். காலில் செருப்பு அறுந்தால் "கம்" போட்டு ஒட்டுவார்கள்.

அப்படியானால் சிக்கல் எங்கே வருகிறது? தாளில் வருகிறது. வாயில் பழகிய சொல், தாளில் எழுதியிருந்தால் தெரிவதில்லை. மருந்து அட்டை, ரயில் டிக்கெட், வங்கிப் படிவம், கடன் பத்திரம் ஆகியவற்றில் ஆங்கிலமே அதிகம். அங்கே ஒரு சொல் தெரியாமல் போனால் உடம்புக்குக் கேடு வரலாம். பணம் போகலாம். வீடே கடனில் மூழ்கலாம்.

ஆங்கிலம் முழுவதையும் கற்க ஆண்டுகள் ஆகும். ஆனால் உடம்பையும் பணத்தையும் காக்கும் சொற்கள் கொஞ்சம்தான். அவற்றை முதலில் கற்றால் போதும்.

சொற்கள் ஊர்விட்டு ஊர் போகும்

பிறமொழிச் சொல்லைப் பேசுவதில் வெட்கம் வேண்டாம். எல்லா மொழிகளும் கடன் வாங்குகின்றன. சாவி, ஜன்னல், மேஜை, அலமாரி ஆகியவை போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. இன்று அவை தமிழ் வீட்டுச் சொற்கள் ஆகிவிட்டன.

ஆங்கிலமும் தமிழிடம் கடன் வாங்கியிருக்கிறது. மீனவர்களின் கட்டுமரம் ஆங்கிலத்தில் "கேட்டமரன்" ஆனது. சுருட்டு "செரூட்" ஆனது. மிளகுத் தண்ணீர் "மல்லிகடானி" என்ற சூப் ஆனது. வெள்ளைக்காரர்கள் வெட்கப்படாமல் இவற்றைப் பேசுகிறார்கள்.

எழுத்தை உருவத்தால் அறியலாம்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வடிவங்கள் உண்டு. பெயர்ப் பலகையிலும் மருந்து அட்டையிலும் பெரிய எழுத்தே அதிகம் இருக்கும். அதை முதலில் பழகலாம்.

வீட்டில் உள்ள பொருள்களே இந்த எழுத்துகளை நினைவூட்டும்.

"ஐ" நட்டு வைத்த கம்பு.
"ஓ" வளையல்.
"எல்" கொத்தனாரின் மூலைமட்டம்.
"எக்ஸ்" பெருக்கல் குறி.
"இ" மூன்று பல் உள்ள சீப்பு.
"எச்" ஒரே படி உள்ள ஏணி.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் "ப" என்று ஓர் எழுத்துதான் உண்டு. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு எழுத்துகள் உண்டு. "பேப்பர்" என்ற சொல்லின் முதல் ஒலி வேறு. "பஸ்" என்ற சொல்லின் முதல் ஒலி வேறு. உரக்கச் சொல்லிப் பார்த்தால் தெரியும். "பஸ்" என்னும்போது தொண்டை அதிரும்.

பேப்பரின் எழுத்துக்கு மேலே மட்டும் ஒரு வயிறு. பஸ்ஸின் எழுத்துக்கு மேலும் கீழும் இரண்டு வயிறு. க, ட ஆகிய எழுத்துகளுக்கும் இப்படியே ஆங்கிலத்தில் இரண்டிரண்டு எழுத்துகள் உண்டு.

மருந்து அட்டை

மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, மருந்து தயாரித்த தேதி. அதன்முன் "எம்" என்று தொடங்கும் சொல் இருக்கும். "எம்" அடுத்தடுத்த இரண்டு கூரை போல இருக்கும்.

இன்னொன்று "எக்ஸ்பயரி" தேதி. மருந்து காலாவதி ஆகும் தேதி. அதன்முன் மூன்று எழுத்துகள் இருக்கும். சீப்பு, பெருக்கல் குறி, ஒரு வயிறு உள்ள எழுத்து. அதாவது இ, எக்ஸ், பி.

அதன் பக்கத்தில் 08/2027 என்று இருந்தால், 2027 ஆகஸ்ட் மாதத்தின் கடைசி நாள்வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். அதன்பின் கூடாது. முதல் தேதியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. அது பழைய தேதியாகத்தான் இருக்கும்.

அட்டையைக் கத்தரிக்கும்போதும் கவனம் வேண்டும். தேதி உள்ள பக்கத்தைக் கடைசிவரை வெட்டாமல் வைக்க வேண்டும்.

டாக்டர் சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கலாம். காலையில் ஒன்று, மதியம் இல்லை, இரவில் ஒன்று என்று அதற்குப் பொருள். 1-1-1 என்றால் மூன்று வேளையும் ஒவ்வொன்று.

மருந்துப் புட்டியில் "ஃபார் எக்ஸ்டர்னல் யூஸ் ஒன்லி" என்று இருந்தால், அது வெளியே பூசுவதற்கு மட்டும். குடிக்கவே கூடாது. "ஷேக் வெல்" என்றால், நன்றாகக் குலுக்கிவிட்டுப் பயன்படுத்த வேண்டும்.

கடையும் விலையும்

சோப்பு, பிஸ்கட், எண்ணெய் பாக்கெட் எல்லாவற்றிலும் "எம்.ஆர்.பி." என்று அச்சிட்டிருக்கும். அதிகபட்சச் சில்லறை விலை என்று பொருள். எல்லா வரிகளும் அதற்குள் அடங்கும். அதற்குமேல் கடைக்காரர் கேட்கக்கூடாது. அதற்குக் குறைத்துக் கொடுக்கலாம்.

விலை கேட்க "ஹவ் மச்?" என்றால் போதும். பதிலில்தான் குழப்பம் வரும். "ஃபிஃப்டீன்" என்றால் 15. "ஃபிஃப்டி" என்றால் 50. "தர்ட்டீன்" 13. "தர்ட்டி" 30. ஆட்டோக்காரர் 50 என்பார். ஏறியவர் 15 என்று நினைப்பார். இறங்கும்போது சண்டை வரும்.

இதற்கு எளிய வழி உண்டு. எண்களைப் பிரித்துக் கேட்க வேண்டும். "ஒன் ஃபைவ்" என்றால் 15. "ஃபைவ் ஜீரோ" என்றால் 50. விரலைக் காட்டிக் கேட்டாலும் தவறில்லை.

ரயில் டிக்கெட்

ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் அந்த மாநில மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றில் பெயர் எழுதியிருக்கும். வேறு மாநிலத்துக்கு வேலைக்குப் போன தமிழருக்கு அந்த ஊர் எழுத்து தெரியாது. ஆங்கில எழுத்து தெரிந்தால் எந்த மாநிலத்திலும் ஊர்ப் பெயரைப் படித்து இறங்கலாம்.

டிக்கெட்டில் சில சொற்களைப் பார்க்க வேண்டும்.

"கன்ஃபர்ம்டு" என்றால் படுக்கை உறுதி.
"ஆர்.ஏ.சி." என்றால் உட்கார இடம் உண்டு. ஒரு பக்கவாட்டுப் படுக்கையை இருவர் பகிர வேண்டியிருக்கும்.
"வெயிட்டிங் லிஸ்ட்" என்றால் இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. இந்த டிக்கெட்டோடு முன்பதிவுப் பெட்டியில் ஏறக்கூடாது.

"பி.என்.ஆர்." என்பது 10 இலக்க எண். 139 என்ற எண்ணுக்குப் போன் செய்து இந்த எண்ணைச் சொன்னால், இடம் கிடைத்ததா என்று தெரியும்.

ரயில்வேயில் ஒரு நாளுக்கு 24 மணிக் கணக்கு. 17.30 என்றால் மாலை ஐந்தரை. நள்ளிரவு வண்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிக்கெட்டில் 10ஆம் தேதி, 00.15 மணி என்று இருந்தால், 9ஆம் தேதி இரவே நிலையத்துக்குப் போக வேண்டும். 10ஆம் தேதி இரவு போனால் வண்டி முந்தின இரவே போயிருக்கும்.

வங்கியும் கைப்பேசியும்

"டெபாசிட்" என்றால் பணம் போடுவது. "வித்டிராயல்" என்றால் பணம் எடுப்பது. "பேலன்ஸ்" என்றால் மீதி. "இன்ட்ரஸ்ட்" என்றால் வட்டி.

கைப்பேசிக்கு வங்கியிலிருந்து செய்தி வரும். அதில் "கிரெடிட்" என்று இருந்தால் கணக்கில் பணம் வந்தது. "டெபிட்" என்று இருந்தால் கணக்கிலிருந்து பணம் போனது. எடுக்காத பணத்துக்கு "டெபிட்" என்று வந்தால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும்.

பழகிய சொல்லுக்கு வங்கியில் வேறு பொருளும் உண்டு. "கரண்ட் போய்விட்டது" என்றால் மின்சாரம். "கரண்ட் அக்கவுன்ட்" என்றால் வியாபாரிகள் வைத்திருக்கும் நடப்புக் கணக்கு. சாதாரணக் குடும்பத்துக்குத் தேவை "சேவிங்ஸ் அக்கவுன்ட்", அதாவது சேமிப்புக் கணக்கு.

2016ஆம் ஆண்டு யு.பி.ஐ. முறை வந்தது. இன்று பூ விற்பவரும் கைப்பேசியில் பணம் வாங்குகிறார். இதில் இரண்டு சொற்கள் முக்கியம். "பே" என்றால் கொடுப்பது. "ரிசீவ்" என்றால் பெறுவது.

பணம் பெறுவதற்குப் "பின்" எண்ணைப் போட வேண்டியதே இல்லை. "உங்களுக்குப் பரிசு வந்திருக்கிறது, பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று. எண்ணைப் போட்டால் பணம் போகும், வராது. "ஓ.டி.பி." என்ற எண்ணையும் யாருக்கும் சொல்லக்கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

பெயர் எழுதும் இடம்

படிவத்தில் "நேம்" என்றால் பெயர். "டேட் ஆஃப் பர்த்" என்றால் பிறந்த தேதி. "பிரசன்ட் அட்ரஸ்" என்றால் இப்போது இருக்கும் முகவரி. "பர்மனன்ட் அட்ரஸ்" என்றால் நிலையான முகவரி. "ஃபார் ஆஃபீஸ் யூஸ்" என்று இருந்தால், அது அலுவலகத்தார் எழுதும் இடம். அதைக் காலியாக விட வேண்டும்.

வெளிமாநிலப் படிவங்களில் "சர்நேம்" என்று கேட்பார்கள். குடும்பப் பெயர் என்று பொருள். தமிழர் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியலாக வரும். பலர் அந்த இடத்தில் தந்தை பெயரை எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

ஒரு தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். லட்சுமி என்ற பெயரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதுவார்கள். ஆதாரில் ஒரு விதம், பள்ளிச் சான்றிதழில் வேறு விதம் என்று இருந்தால், பின்னால் பிள்ளைகள் அலைய வேண்டியிருக்கும். எனவே ஒருவர் முதலில் கற்க வேண்டிய ஆங்கிலச் சொல் அவருடைய பெயர்தான். அடுத்தது பிள்ளைகளின் பெயர். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

கையெழுத்துப் போடும் இடம்

"அக்கா, சும்மா ஒரு கையெழுத்துதான். நீங்கள் ஒன்றும் கொடுக்க வேண்டாம்." பக்கத்து வீட்டுக்காரர் இப்படிக் கேட்பார். முகத்துக்கு அஞ்சிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆறு மாதம் கழித்துக் கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்பார்.

இதில் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். கையெழுத்துக்குக் கீழே என்ன அச்சிட்டிருக்கிறது?

"அப்ளிகன்ட்" என்றால் விண்ணப்பதாரர்.
"பாரோயர்" என்றால் கடன் வாங்குபவர்.
"விட்னஸ்" என்றால் சாட்சி. மற்றவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்.
"கேரன்டர்" அல்லது "ஷ்யூரிட்டி" என்றால் ஜாமீன்தாரர்.

சாட்சி வேறு, ஜாமீன் வேறு. சாட்சி கடனைக் கட்ட வேண்டியதில்லை. ஜாமீன் போட்டவர் கட்ட வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டுமே அது மாறும். "எனக்கு ஆங்கிலம் தெரியாது, சாட்சி என்று நினைத்தேன்" என்று பிறகு சொல்லித் தப்புவது மிகக் கடினம்.

காலியான தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது. தொகை எழுதாத பத்திரமும் காலித் தாள் போலத்தான்.

புரியும் மொழியில் கேட்க மக்களுக்கு உரிமை உண்டு. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடனுக்கு ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கும் புதிய கடன்களுக்கு "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்" என்ற விவரத்தாளைத் தர வேண்டும். வட்டி, கட்டணம், தவணை எல்லாம் அதில் இருக்கும். அது கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதை விளக்கியும் சொல்ல வேண்டும். "தமிழில் கொடுங்கள்" என்று கேட்பது சலுகை கேட்பது அல்ல, உரிமையைக் கேட்பது.

குறை இருந்தால் மனு எழுதவும் ஆங்கிலம் கட்டாயம் இல்லை. அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. மத்திய அரசு அதிகாரிக்குத் தமிழிலேயே குறையை எழுதிக் கொடுக்கலாம். ரூபாய் நோட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கும். கீழிருந்து மூன்றாவது வரி தமிழ். இந்த நாட்டின் பணத்திலேயே தமிழுக்கு இடம் உண்டு.

பேசும்போது

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு இல்லை. எல்லாருக்கும் "யூ" என்ற ஒரே சொல்தான். அதிகாரி "யூ" என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று வருந்த வேண்டாம். "ப்ளீஸ்", "சார்", "மேடம்", "தேங்க் யூ" ஆகிய சொற்களால் அங்கே மரியாதை வரும்.

சொற்களின் வரிசையும் வேறு. தமிழில் "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்கிறோம். வேண்டும் என்பது கடைசியில் வருகிறது. ஆங்கிலத்தில் "ஐ வான்ட் வாட்டர்" என்பார்கள். வேண்டும் என்பது நடுவில் வருகிறது.

இந்த ஐந்து வாக்கியங்கள் எங்கும் கை கொடுக்கும்.

"ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி." தயவுசெய்து மெதுவாகப் பேசுங்கள்.
"ஐ டோன்ட் அண்டர்ஸ்டேண்ட்." எனக்குப் புரியவில்லை.
"ப்ளீஸ் ரைட் இட்." எழுதிக் கொடுங்கள்.
"வாட் இஸ் திஸ் பேப்பர்?" இது என்ன தாள்?
"ஐ வில் ரீட் அண்ட் சைன்." படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்.

தப்பாகப் பேசினால் சிலர் சிரிக்கலாம். சிரிப்பு ஒரு நிமிடம்தான். கேட்காமல் போட்ட கையெழுத்து பல ஆண்டுகள் துரத்தும்.

எப்படிக் கற்பது?

ஒரு நாளுக்கு ஒரு சொல் போதும். வீட்டில் உள்ள அட்டை, பாக்கெட், டிக்கெட், பில் எல்லாம் பாடப் புத்தகம்தான். அதில் ஒரு சொல்லைப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பக்கத்தில் தமிழில் ஒலியையும் பொருளையும் எழுத வேண்டும். மறுநாள் அதே சொல்லை வேறு இடத்தில் தேடிப் பார்க்க வேண்டும்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் கேட்கலாம். பிள்ளையிடம் கற்பதில் குறைவு ஒன்றும் இல்லை. தாய் கற்கிறாள் என்றால் பிள்ளையும் ஊக்கமாகப் படிக்கும். சிறு துளி பெரு வெள்ளம். இரண்டு மாதத்தில் 60 சொற்கள் சேர்ந்துவிடும்.

பயிற்சி

1. வீட்டில் உள்ள மருந்து அட்டைகளை எடுத்து, காலாவதித் தேதியைப் பாருங்கள். காலாவதி ஆனவற்றைத் தனியே வையுங்கள்.
2. உங்கள் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றிலும் அது ஒரே மாதிரி இருக்கிறதா?
3. டிக்கெட்டில் 22ஆம் தேதி, 00.40 மணி என்று இருக்கிறது. எந்தத் தேதி இரவு ரயில் நிலையத்துக்குப் போக வேண்டும்?
4. விட்னஸ், கேரன்டர் இருவருக்கும் உள்ள வேறுபாடு என்ன? அதை இன்று இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுங்கள்.